செம்பருந்து இரண்டாம் பாகம்

செம்பருந்து மூன்று மணி நேரம் மேடையில் இருந்தான். ஒரு தடவைகூடப் பறக்கவில்லை.

காரைக்குடி செஞ்சைப் பொட்டலில் போட்டிருந்த தகரக் கொட்டகையில், பெண்கள் பக்கத்து மணல்தரையில் உட்கார்ந்திருந்த காளியாயி கடைசிவரை நம்பிக்கையை விடவில்லை. இந்தச் சண்டை முடிந்ததும் பறப்பான், அடுத்த திரைக்குப் பறப்பான் என்று கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கப்பியும் இல்லை, கயிறும் இல்லை. போன வருடம் கயிறு ஓடிய நடுக்கம்பத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். மங்களம் பாடித் திரையை இறக்கியபோது மணி ஒன்பது.

"என்னத்தா, இப்படி ஏமாத்திப்புட்டாக" என்றாள் பக்கத்தில் இருந்த, கூட வேலை பார்க்கும் அழகி. காளியாயி இன்னொரு தடவை மேலே பார்த்துவிட்டு எழுந்தாள்.

போன வருடம், அறுபத்தாறில், இதே பொட்டலில்தான் அழகுசுந்தரம் கம்பெனிக்காரர்கள் 'செம்பருந்து' நாடகத்தைப் போட்டார்கள். கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. ஊரைக் கொள்ளையடிக்கும் ஜமீன் ஆட்கள் ஒரு பக்கம். சிவப்பு முகமூடியும் துணிச் சிறகும் கட்டிக்கொண்டு, அநியாயம் நடக்கிற இடத்தில் வந்து இறங்கும் செம்பருந்து மறு பக்கம். அவன் யார், எந்த ஊர், ஒருவருக்கும் தெரியாது. நாடக நோட்டீசிலும் எல்லார் பெயரும் இருந்தது. செம்பருந்தாக நடித்தவர் பெயர் மட்டும் இல்லை. மேடையின் விட்டத்திலிருந்து கிளம்பி, சனங்களின் தலைக்கு மேலே சிறகை விரித்துக்கொண்டு வந்து, கொட்டகை நடுக்கம்பத்தில் கட்டியிருந்த பலகையில் வெறுங்காலோடு இறங்குவான். போகிற போக்கில் ஜமீன் ஆளின் தலைப்பாகையைக் கொத்திக்கொண்டு போவான். பெரிய ஆட்களே எழுந்து நின்று விசிலடித்தார்கள். தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்தார்கள்.

காளியாயி ஒன்பது தடவை பார்த்தாள்.

அவள் ஊரின் மேற்குப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த பள்ளிக்கூடக் கட்டடத்தில் சித்தாள் வேலை பார்த்தாள். வயது முப்பது. அதுவரை அவளுக்கு வேலையெல்லாம் தரையில்தான்: கலவை குழைப்பது, சட்டி நிரப்புவது, செங்கல் அடுக்குவது. சாரத்தில் ஏறுவது ஆம்பளைகள் வேலை. மூங்கிலில் இரண்டாள் உயரம் ஏறினாலே அவளுக்கு முழங்கால் நடுங்கும். ஒன்பதாவது தடவை நாடகம் பார்த்த மறுநாள், என்ன தோன்றியதோ, கலவைச் சட்டியோடு முதல் தட்டு ஏறினாள். அந்த வாரமே இரண்டாவது தட்டு. கொத்தனார் சின்னக்கருப்பு கீழே நின்று கத்தினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடுக்கம் வரும்போதெல்லாம் அந்தச் செம்பருந்து பலகையில் இறங்கியதை நினைத்துக்கொள்வாள். முதலில் பெருவிரலை வைத்து மரத்தைத் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் பாதம் பதியும். அவளும் அப்படியே வைத்தாள். கால் வழுக்கவில்லை. வருடம் திரும்புவதற்குள் மூன்றாவது மாடிக் கப்பிக் கயிற்றுக்கு அவளே ஆள் என்று ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவள் இரண்டாம் பாகம் வருகிறதென்று தண்டோரா கேட்டதும் பத்து நாள் தூங்கவில்லை. வந்த பாகம் இப்படி இருந்தது.

முதல் திரையிலேயே ஒரு முனிவர் சாபம் கொடுத்து, செம்பருந்தின் சிறகைப் பிடுங்கிவிட்டார். அதற்கப்புறம் அவன் நடந்தான். நடந்து நடந்து பேசினான். குடிக்காதே என்றான், பொய் சொல்லாதே என்றான், தாய் தகப்பனை மதி என்றான். நடுவில் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பாட்டுப் பாடினான். தொந்தி முன்னால் வந்தது, அவன் பின்னால் வந்தான். கொட்டகையை விட்டு வெளியே வரும்போது கண்டரமாணிக்கத்து வண்டிக்காரர் ஒருவர் மாட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "புத்திமதி கேக்கணும்னா கோவிலூரு மடத்துக்குப் போயிருப்பேனே. அங்கிட்டு உக்காரப் பாயாச்சும் போடுவாக."

மறுநாளும் காளியாயி போனாள். ஒருவேளை முதல் நாள் ஏதாவது தடங்கலாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. நாடகம் தொடங்க நேரம் இருந்தது. பெண்கள் வாசலில் ஒல்லியான ஒரு பெண் டிக்கெட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள். நாற்பதுக்குப் பக்கத்தில் வயது, எண்ணெய் காணாத முடி, வெளிறிய நீலச் சேலை. திடீரென்று காற்றடித்து வாசலுக்கு மேலே கட்டியிருந்த கீற்றுத் தட்டி பிய்த்துக்கொண்டு ஆடியது. ஆம்பளை ஒருவரும் பக்கத்தில் இல்லை. அந்தப் பெண் டிக்கெட்டுக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, சேலையைத் தூக்கிக் கட்டி, மூங்கிலில் விறுவிறுவென்று ஏறினாள். பத்தடி உயரத்தில் குறுக்கு மூங்கிலில் நின்று இரண்டு கையாலும் கயிற்றை முடிந்தாள்.

காளியாயி அவள் கையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். இடது காலின் பெருவிரல் முதலில் மூங்கிலைத் தொட்டது. தொட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பி, அப்புறம் பாதம் பதிந்தது.

அன்று நாடகத்தில் யார் என்ன பேசினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் சோற்று வேளையில் கட்டடத்திலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனாள். அந்தப் பெண் பின்பக்கம் வேசத்துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான அது?" என்றாள் காளியாயி.

"எது?"

"போன வருசம் பறந்தது."

அந்தப் பெண் ஈரத் துணியை உதறவில்லை, பிழியவும் இல்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நேத்துத் தட்டி கட்ட ஏறுனீகள்ல, பெருவிரல முதல்ல வச்சீக. நான் சாரத்துல ஏறுறவ. எனக்கு ஏறக் கத்துக் குடுத்தது அந்தக் காலுதான்."

அந்தப் பெண் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, இடுப்புக் கொசுவத்தைச் சற்றே விலக்கிக் காட்டினாள். பறக்கக் கட்டிய தோல்வார் அறுத்த தழும்பு இரண்டு விரல் அகலத்தில் கறுத்துக் கிடந்தது.

"எம்பேரு பொன்னுத்தாயி" என்றாள். "பன்னெண்டு வயசுல சர்க்கஸ்ல ஏறுனது. போன வருசம் இங்க ஆட்டம் முடிஞ்சப்ப மொதலாளிகிட்டக் கேட்டேன். நோட்டீசுல எம்பேரப் போடுங்கன்னு. அம்புட்டுத்தான் கேட்டேன். பொம்பளைன்னு தெரிஞ்சா சனம் கைகொட்டிச் சிரிக்கும்னாரு. நான் விடல. சரின்னு வேசத்தப் புடுங்கி அவரு மச்சினரு சத்தியமூர்த்திக்குக் குடுத்துட்டாரு. அவரத் தூக்குற கயிறு எங்க இருக்கு? அதான் சாபம் வந்துருச்சு."

காளியாயிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. ஒரு வருடமாக யாரோ ஓர் ஆம்பளையின் துணிச்சலை நினைத்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். தன்னைப் போலச் சேலை கட்டிய ஒருத்தி அந்த முகமூடிக்குள் இருந்திருக்கிறாள்.

"மறுபடி பறப்பீகளா?"

"ஏத்துறதுக்கு ஆளு வேணுமே. கயிறு புடிச்சவரு ஆடி மாசமே கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

"ஆளு நான் தாரேன்" என்றாள் காளியாயி.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பாதிக் கொட்டகைதான் நிறைந்தது. வந்தவர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். சத்தியமூர்த்தி வேர்க்க விறுவிறுக்கப் பொய் சொல்லாமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நாற்காலி வரிசையிலிருந்து மெய்யம்மை ஆச்சி எழுந்தார். பெரிய வீட்டுக்காரர், நாடகம் என்றால் ஒன்றையும் விடமாட்டார்.

"ஏம்ப்பா," என்றார் நிதானமாக, "நீ எப்பப் பறப்பே? சொன்னியன்னா அதுவரைக்கும் வீட்டுக்குப் போயி படுத்துட்டு வருவேன்."

கொட்டகை ஒரு கணம் அடங்கி, பிறகு வெடித்தது. பறக்கச் சொல்லு, பறக்கச் சொல்லு என்று ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே குரலாகக் கிளம்பிற்று. திரைக்குப் பின்னாலிருந்து முதலாளி அழகுசுந்தரம் கைகூப்பியபடி ஓடி வந்தார். கதையில் சாபம் இருக்கிறது, சாபம் இருக்கும்போது எப்படிப் பறப்பது என்று ஏதோ சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை.

காளியாயி எழுந்து மேடைக்கு முன்னால் போய் நின்றாள். கூட்டத்துக்கு முன்னால் அவள் பேசியதே இல்லை. ஆனால் மூன்றாவது மாடியிலிருந்து கீழே சத்தம் கொடுத்துப் பழகிய தொண்டை.

"மொதலாளி, சாபத்த விடுங்க. பறக்க ஆளு இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

அழகுசுந்தரம் அவளை முறைத்தார். பொன்னுத்தாயி விஷயம் அவளுக்குத் தெரியும் என்பது அந்த ஒரு பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "கயிறு இழுக்க ஆளில்லம்மா" என்றார்.

"நாங்க இழுக்குறோம். மூணாம் மாடிக்கு இரும்புக் கம்பி ஏத்துறவுக நாங்க. கொத்தனாரு முடிச்சுப் போடுவாரு."

முதலாளி என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் சத்தியமூர்த்தி முகமூடியைக் கழற்றிவிட்டு மேடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர், முகமெல்லாம் வேர்வை.

"அத்தான், ஒத்துக்கங்க" என்றார், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. "அந்தக் கயித்துல என்னக் கட்டாதீக. எனக்கு ஜமீன்தார் வேசம் குடுங்க. நல்லாச் சிரிப்பேன்."

சனங்கள் கைதட்டியது அன்று அவருக்குத்தான். நாளை மூன்று மணி ஆட்டத்தில் செம்பருந்து பறப்பான் என்று அழகுசுந்தரம் வாக்குக் கொடுத்தார். ஆனால் திரைக்குப் பின்னால் பொன்னுத்தாயியிடம், முகமூடியைக் கழற்றக் கூடாது என்று கறாராகச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா, அவருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சின்னக்கருப்புக் கொத்தனார் வந்துவிட்டார். நடுக்கம்பத்து விளக்கை இறக்கிவிட்டுப் பழையபடி பலகையைக் கட்டி, விட்டத்தில் கப்பியை மாட்டி, ஒவ்வொரு முடிச்சையும் தன் முழு எடையைப் போட்டு இழுத்துப் பார்த்தார். மணல்மூட்டை ஒன்றைக் கட்டி நான்கு தடவை நடுக்கம்பம்வரை ஓட்டினார்கள். "செங்கலு விழுந்தா வேற செங்கல ஏத்தலாம்" என்றார் காளியாயியிடம். "இது உசுரு. கயிறு கையத் தீய்ச்சாலும் விடப்படாது."

"விடமாட்டேண்ணே."

சேதி ஊரெல்லாம் பரவியிருந்தது. மூன்று மணிக்குக் கொட்டகைக்குள் மூச்சுவிட இடமில்லை. தேவகோட்டை பஸ் செஞ்சை முக்கிலேயே காலியானது. மெய்யம்மை ஆச்சி தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காளியாயி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திரைக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் அழகி, இன்னும் இரண்டு சித்தாள்கள், கடைசியில் கொத்தனார். அங்கேயிருந்து மேடையும் தெரியாது, கொட்டகையும் தெரியாது. ஒரு வருடமாகக் காத்திருந்து பார்க்க வந்ததை அவள் இன்று பார்க்கப் போவதில்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மேடையில் சத்தியமூர்த்தி ஜமீன்தாராகச் சிரித்தார். நிஜமாகவே நல்ல சிரிப்பு. குழந்தைகள் சில அழுதன. விட்டத்தின் மேலிருந்து பொன்னுத்தாயி கயிற்றை இரண்டு தடவை சுண்டினாள்.

"இழு" என்றார் கொத்தனார்.

கயிறு உயிர் வந்ததுபோல் திமிறியது. காளியாயி காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். இரும்புக்கம்பி செத்த எடை; இது அப்படி இல்லை. மேலே பொன்னுத்தாயி உடம்பைத் திருப்புவதும் சிறகை விரிப்பதும் கயிறு வழியாகக் கைக்குத் தெரிந்தது. கொட்டகை ஒரே மூச்சாக 'ஆ' என்றது. அந்தச் சத்தம் மேடையிலிருந்து கிளம்பி, தலைக்குத் தலை தாவி, நடுக்கம்பத்தை நோக்கி ஓடிற்று. அந்தச் சத்தத்தை வைத்தே செம்பருந்து எங்கே போகிறது என்று காளியாயியால் சொல்ல முடிந்தது. இதோ ஆச்சியின் நாற்காலிக்கு மேலே. இதோ பெண்கள் பக்கம். கயிறு தொய்ந்தது. பெருவிரல் பலகையைத் தொட்டுவிட்டது.

விசிலும் கைதட்டலும் தகரத்தில் மோதி இடிபோல் விழுந்தன. அப்புறம் சட்டென்று சத்தம் நின்றது.

"என்னாச்சு" என்றாள் அழகி.

காளியாயி கயிற்றை விடாமல், திரையின் ஓட்டையில் ஒரு கண்ணை வைத்தாள். நடுக்கம்பத்துப் பலகையில், இருபதடி உயரத்தில், பொன்னுத்தாயி முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றாள். மேடை ஓரத்தில் அழகுசுந்தரம் தலையில் கை வைத்தபடி, சிரிப்புச் சத்தம் எப்போது கிளம்பும் என்று காத்திருந்தார்.

சிரிப்பு வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி குலவை போட்டாள். அவள் முடிப்பதற்குள் பத்துப் பேர், பத்துப் பேர் முடிப்பதற்குள் பெண்கள் பக்கம் முழுவதும். ஆண்கள் துண்டைச் சுழற்றி வீசினார்கள். மெய்யம்மை ஆச்சி நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, "பேரு என்னய்யா, பேரச் சொல்லு" என்று முதலாளியைப் பார்த்துக் கேட்டார். கொட்டகையே திரும்பி அவரைப் பார்த்தது.

அழகுசுந்தரம் மேடையின் நடுவுக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். "செம்பருந்தாக நடிப்பவர்," என்றார் நோட்டீஸ் படிக்கும் குரலில், "பொன்னுத்தாயி அவர்கள்." இரண்டாம் தடவை சொன்னபோது அவர் குரலிலேயே ஒரு பெருமை வந்துவிட்டிருந்தது.

மறுநாள் தண்டோரா மாட்டுவண்டியிலிருந்து வீசிய சிவப்பு நோட்டீசில் அந்தப் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் இருந்தது. சாபம் கொடுத்த முனிவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆட்டம் காரைக்குடியில் முப்பத்தெட்டு நாள் நடந்தது.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று அந்த நிமிடத்தில், பக்கத்திரைக்குப் பின்னால், காளியாயியின் இரண்டு உள்ளங்கையும் சிவந்து எரிந்துகொண்டிருந்தன. வெளியே சனங்கள் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று தகரம் அதிரக் கேட்டார்கள். நடுக்கம்பத்திலிருந்து கயிறு இரண்டு தடவை சுண்டியது.

"கை தாங்குமாத்தா?" என்றார் கொத்தனார்.

காளியாயி முந்தானையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றினாள்.

"இழுங்கண்ணே" என்றாள்.