ஆறு கொடுத்ததாகச் சொன்ன நிலம்

திருச்சுழிக்குக் கிழக்கே குண்டாற்றை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் பட்டா நிலம் உண்டு. மேட்டு நிலம், வானம் பார்த்துக் கிடப்பது. எங்களுக்குச் சோறு போட்டது அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் படுகைதான்.

நான் கல்யாணமாகி வந்தபோது அது வெறும் மணல். என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி ஒவ்வொரு வருசமும் மழைக்கு முன்னால் சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஆற்றோரம் அடுக்கி, மேலே கல் ஏற்றி வைப்பார். ஐப்பசியில் ஆறு சில நாள் ஓடும். தண்ணீர் முள்ளில் தட்டி, வண்டலை அங்கேயே விட்டுப் போகும். அப்படிச் சேர்ந்த மண்ணில்தான் வெங்காயமும் மிளகாயும் போட்டோம்.

ஓர் ஐப்பசியில் வெள்ளம் முள்ளை இழுத்தது. பிடித்து நிறுத்த இறங்கியவரையும் சேர்த்து இழுத்துப் போனது. மறுநாள் கமுதி போகிற வழியில் கிடைத்தார். தூக்கி வந்தவர்களில் அவருடைய சித்தப்பா மகன் சுப்புராஜும் ஒருவன். செங்கல் சூளை வைத்திருப்பவன். அவர் உள்ளங்கை இரண்டிலும் முள் தைத்திருந்ததை அவனும் பார்த்தான்.

காரியம் முடிவதற்குள் அவன் தாலுகா ஆபீசில் மனுப் போட்டுவிட்டான். படுகை எங்கள் பட்டாவில் இல்லையாம், ஆற்றுப் புறம்போக்காம், செங்கல் அறுக்க மண் எடுக்க அனுமதி வேண்டுமாம். நான் கோர்ட்டுக்குப் போனேன்.

வக்கீல் மாதவன் சொன்னார்: "ஆறு கொஞ்சங் கொஞ்சமாச் சேத்த மண்ணுன்னா கரையில இருக்கிற பட்டாதாரருக்குச் சேரும். ஆளு வேலை செஞ்சு ஆத்த ஒதுக்குனதுன்னா அது ஆக்கிரமிப்பு. முள்ளுன்னு நீங்க வாயத் தொறக்கக் கூடாதுக்கா."

"அப்ப சும்மா ஒக்காந்திருந்தவனுக்குத்தான் நெலமா சார்?"

"சட்டத்துல அப்படித்தான்."

"அத எழுதுனவுக எந்த ஆத்துல எறங்கிப் பாத்தாக?"

அவர் கேஸ் கட்டைப் புரட்டினார்.

வழக்கு வருசக்கணக்கில் இழுத்தது. வெள்ளம் கொண்டுபோன முள்ளுக்குச் சுப்புராஜிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. நான் கூண்டில் ஏறிய அன்று சுப்புராஜின் வக்கீல் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இறந்தார்?"

"வெள்ளத்துல."

"அவ்வளவு வெள்ளத்துல எதுக்கு இறங்கினார்?"

சுப்புராஜ் கடைசி பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். மாதவன் என்னையே பார்த்தார்.

"குளிக்கப் போனாரு."

"வெள்ளத்துலயா?"

"ஆமா. அவரு புத்தி அப்படி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வெயிலென்றும் பாராமல் முள் சுமந்த மனுசனை ஒரே வார்த்தையில் கிறுக்கனாக்கினேன். என் வாயாலேயே ஆக்க வைத்தார்கள்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நகலைக் கோர்ட் வராந்தாவில் நின்றே படித்தேன். 'மனித முயற்சி ஏதுமின்றி, ஆற்றின் இயற்கையான போக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்த நிலம்.' மனித முயற்சி ஏதுமின்றி. கிழித்துப் போடக் கை வந்தது. நிலம் வேண்டும். மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வாசல் டீக்கடையில் சுப்புராஜ் நின்றிருந்தான்.

"அண்ணன் குளிக்கத்தான் போனாகளா மதினி? இம்புட்டு நாளு எனக்குத் தெரியாமப் போச்சே."

"ஆமாலே, குளிக்கத்தான் போனாரு. நீயும் மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் படுகைப் பக்கம் வா. ஒன்னையும் குளிப்பாட்டி விடுறேன்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைக் குறைக்கவில்லை. அவன் கிளாஸை வைத்துவிட்டு பைக்கை எடுத்தான்.

இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது. முள் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். பட்டப்பகலில், அவன் சூளையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்தான் அடுக்கப்போகிறேன். போனில் படம் பிடித்து எந்த ஆபீசில் வேண்டுமானாலும் காட்டட்டும். இன்னொரு முறை கூண்டில் ஏற்றினால், அவர் எதற்கு ஆற்றில் இறங்கினார் என்பதை உள்ளபடி சொல்லுவேன். நிலம் போனால் போகட்டும்.