மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றவர்

சேவைச் சங்கங்களின் வட்டார விருந்தில், தமக்கே செலுத்தப்பட்ட மௌன அஞ்சலிக்குத் தாமும் எழுந்து நின்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், தலைவர் மணியடித்து எல்லாரும் உட்கார்ந்தபோது செத்துப்போயிருந்தார். அவரும் உட்கார்ந்தார். சூப் வந்தது. ஒரு துளி தெறித்த கண்ணாடியைக் கழற்றி, கடையில் செய்கிற வழக்கப்படி வாயால் ஊதித் துடைக்கப் பார்த்தார். கண்ணாடிச் சில்லில் மூச்சுப் பனி படியவில்லை. அப்போதுதான் சந்தேகம் தட்டியது. பக்கத்து நாற்காலியிலிருந்த பல் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, நாடி இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, ரொட்டிக் கூடையைத் தம் பக்கம் நகர்த்தச் சொன்னார்.

தப்பு வட்டாரச் செயலாளருடையது. அந்த வருஷம் இறந்தவர் வேறொரு சங்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர். செயலாளர் தொழிலைச் சரியாக நினைவில் வைத்து, ஆளை மாற்றி வாசித்துவிட்டார். பெயர் காதில் விழுந்ததுமே இவர் கையைத் தூக்கியிருக்கலாம். ஆனால் அதற்குள் நாற்காலிகள் பின்னுக்குப் போய்விட்டன, தலைகள் குனிந்துவிட்டன. நாலு பேர் மௌனமாக நிற்கிற இடத்தில் வாய் திறப்பது அவர் வளர்ந்த முறையல்ல.

“அவன் வாசிச்சா வாசிச்சுட்டுப் போறான். நீங்க எதுக்குங்க எழுந்து நின்னீங்க?” என்று அன்றிரவு வீட்டில் கேட்டாள் மனைவி.

“எல்லாரும் நிக்கிறாங்க. நான் மட்டும் கல்லு மாதிரி எப்படிடீ உட்கார்ந்திருக்கிறது?”

“இப்ப மட்டும் என்னவாம்?” அவர் கன்னத்தைத் தொட்டவள் கையை உதறிக்கொண்டாள்.

மறுநாள் காலை செயலாளர் மலர்வளையத்தோடு வந்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். “உள்ள வாங்க தம்பி, சட்டை மாத்திட்டு வர்றார்” என்றாள். நேற்றைய மௌனத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டாள். “நின்ன மௌனத்தை வாபஸ் வாங்க விதியில்லையேக்கா” என்று அவர் கண்கலங்கினார். போகும்போது வளையத்தைச் சைக்கிள் ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் போனார்.

கடைக்காரர் வழக்கம்போல் கடை திறந்தார். ஆனால் கண்ணாடி மாட்டிவிடும்போது காதோரம் பட்ட அந்தக் குளிர்ந்த விரல்களுக்குக் குழந்தைகள் வீறிட்டன. பெரியவர்கள் மரியாதைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டார்கள், மறுபடி வரவில்லை. அதனால் முன்பக்கத்தை மனைவி பார்த்துக்கொண்டாள். அவர் பின்னறையில் சில்லு தேய்த்தார். பசியில்லை, தூக்கமில்லை. படுக்கையில் அவர் பக்கம் ஈரத் துணி போட்டதுபோல் சில்லிட்டிருந்தது. அவள் கம்பளி சுற்றிக்கொண்டு அங்கேயே படுத்தாள்.

அடுத்த வருஷ விருந்துக்கு அவளும் போனாள். எல்லாரோடும் அவரும் தலைகுனிந்து நின்ற நேரத்தில், “சமையலறைக் குழாய் ஒழுகுதுங்க. எத்தனை தடவை சொல்றது? செவிட்டுக் காதுல சங்கு ஊதின மாதிரி!” என்று உரக்க ஆரம்பித்தாள். மௌனத்தில் நின்றுபோன அவர் இதயம் மௌனம் உடைந்ததும் அடித்துக்கொண்டது. கன்னத்தில் ரத்தம் ஏறியது. மணி அடித்ததும் மறுபடி நின்றது. அதன்பின் எல்லா வருஷமும் அப்படித்தான். மகளின் பிரசவம், கடன்காரத் தம்பி, கூரை ஓட்டை என்று வீட்டுக்கதை முழுவதையும் அந்த ஒரு நிமிஷத்துக்காகச் சேர்த்துவைத்தாள். தலைவர்கள் மாறினார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் நுரையீரலில் நீர் கோத்து அவள் செத்துப்போனாள். நிஜமாகவே செத்தாள். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அஞ்சலி கிடையாது என்பதால் அந்த வருஷ விருந்தில் அவள் பெயரை வாசிக்கவில்லை. நாற்காலிகள் பின்னுக்குப் போயின. கூடத்தில் ஈ பறந்தால் கேட்கும். கடைக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“குழாயை மாத்திட்டேன்டீ,” என்றார். “இப்ப ஒழுகல.”

தலைவர் அவர் முடிக்கும்வரை காத்திருந்து மணியடித்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி ஊதினார். பனி படிந்தது. துடைத்துவிட்டு இன்னொரு தடவை ஊதினார், அப்போதும் படிந்தது. பல் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார். சூப் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.