நெல்லிப் பானத்தில் தேயிலை

பதுளைக்கு வெளியே இருந்த பழச்சாற்றுத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் 2004ஆம் ஆண்டு தயானி சேர்ந்தாள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து விஞ்ஞானம் படித்து வந்தவள். பானங்களில் உள்ள பொலிபீனோல் என்ற தாவரச் சத்தை அளப்பது அவள் வேலை. பானத்தை வடிகட்டி இயந்திரத்தில் ஏற்றினால், உள்ளே கலந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து தாளில் ஓடும் கோட்டில் தனித்தனி உச்சிகளாகப் பதியும்.

புதிய நெல்லிப் பானத்தில் பொலிபீனோல் அளவுக்கு மீறி இருந்தது. கூடவே, நெல்லியில் இருக்கவே முடியாத ஓர் உச்சி. கஃபீன். தேயிலையில் இருப்பது. பொலிபீனோலைக் கூட்டிக் காட்ட மலிவான தேயிலைக் கழிவை அவித்து ஊற்றியிருக்கிறார்கள். போத்தலிலோ, 'சுத்தமான நெல்லி, குழந்தைகளுக்கு உகந்தது' என்று அச்சடித்திருந்தது.

ஆய்வுகூடத் தலைவர் குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அவள் நீட்டிய தாளை அவர் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்தார்.

"கை கழுவினீரே?"

"கையுறை போட்டுத்தான் செஞ்சேன் சேர்."

"லயத்திலயிருந்து வாறனீர். உடுப்பு, தலைமயிர் எல்லாத்திலயும் தேயிலைத் தூள்தானே. அதுதான் விழுந்திருக்கு."

யாரோ சிரித்தார்கள். பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஜெமீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அவர் முன்னாலேயே தயானி அந்தப் பானத்தை மூன்று தடவை இயந்திரத்தில் ஏற்றினாள். மூன்றிலும் கஃபீன் வந்தது. பிறகு வெறும் தண்ணீரை ஏற்றினாள். தாளில் ஒன்றும் பதியவில்லை.

"தண்ணியில விழாத தூளு இதுல மட்டும் விழுமா சேர்?"

குமாரசிங்கம் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வாற மாசம் உம்மை நிரந்தரமாக்க வேணும். 'என்ர கவனயீனத்தால சோதிச்ச மாதிரி பழுதாப் போச்சு' எண்டு எழுதித் தாரும். பிரச்சினை முடிஞ்சுது."

மகள் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள் என்று அப்பா வீரய்யா லயம் முழுக்கச் சொல்லியிருந்தார். தயானி எழுதினாள். வாசித்துப் பார்த்த குமாரசிங்கம் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"தோட்டத்திலயிருந்து வாறதால தேயிலைத் தூள் விழுந்தது எண்டும் போடும்."

அதையும் எழுதினாள்.

திங்கட்கிழமை வேலைநீக்கக் கடிதம் வந்தது. காரணமாக அவள் எழுதியதையே இணைத்திருந்தார்கள். அவள் மேசைக்கு ஜெமீலாவை மாற்றினார்கள். கஃபீனைக் கணக்கில் எடுக்காமல் அறிக்கை போனது. பானம் கடைகளுக்கு வந்தது.

பெட்டியோடு வந்து நின்ற மகளை வீரய்யா வாசலிலேயே கேட்டார்.

"என்னம்மா தப்புப் பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"ஒண்ணும் பண்ணாமலா படிச்ச புள்ளைய வெரட்டுவாங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.