என்ன வேணும்?

விமான நிலையத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டுகளையும் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் தாயார் என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. எதிரே நிற்பவளின் பாஸ்போர்ட்டில் வேறு பெயர்.

"அவங்க இறந்துட்டாங்க. நான் அவங்க தங்கச்சி," என்று தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அவள் சொன்னாள். பிறகு, "இந்தப் பிள்ளைங்க அப்பாவோட மனைவி," என்றும் சொன்னாள். இரண்டும் உண்மைதான். அடுத்தடுத்துச் சொன்னபோது அவள் காதுக்கே பொய் மாதிரி கேட்டது.

இடுப்பில் இருந்த சின்னவன், "அம்மா, தூக்கம்," என்று அவள் தோளில் முகத்தைத் தேய்த்தான். வீட்டில் அவனை உருண்டை என்பார்கள். அவன் பிறந்த வாரமே அக்கா போய்விட்டாள். அவனுக்கு இவளைத் தவிர வேறு அம்மாவைத் தெரியாது. பெரியவளுக்கு ஏழு வயது. எல்லாம் நினைவிருக்கும் வயது. அவள் இவள் புடவையைப் பிடித்து இழுத்து, "சித்தி, இன்னும் எவ்ளோ நேரம்?" என்றாள்.

அம்மா என்ற சொல் எந்த ஊர்க்காரருக்கும் புரிந்துவிடுகிறது. சித்தி என்பது புரியாது. ஒரே பெண்ணை ஒரு பிள்ளை ஒரு விதமாகவும் இன்னொரு பிள்ளை வேறு விதமாகவும் கூப்பிடுவதைக் கேட்ட அதிகாரி, பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வரிசையில் பின்னால் நின்ற, அதே விமானத்தில் வந்த அம்மாள் குனிந்து காதைக் கடித்தாள். "ஏம்மா, பெருசையும் அம்மான்னு கூப்பிடச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுது. ஒரு வார்த்தைதானே? காசா பணமா?"

ஒரு வார்த்தைதான். ஆனால் அவள் கல்யாணமாகி வந்த புதிதில் உறவுக்காரர் ஒருவர், "இனிமே இவங்கதான் உன் அம்மா, அப்படித்தான் கூப்பிடணும்," என்று மிரட்டியபோது, இந்தப் பெண் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டது. அன்று அவள் அந்தக் கதவருகே உட்கார்ந்து, "அது உங்கம்மாவோட பேரு. நீ அதை யாருக்கும் குடுக்க வேணாம்," என்று சொல்லியிருந்தாள். குழந்தைக்குச் சொன்னாலும் சொன்ன சொல் சொல்தானே.

"வேணாங்க," என்றாள். "அது அவ இஷ்டம்."

அதிகாரி அவர்களைக் கூட்டிப்போய் உட்கார வைத்தது சன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரோரம் காகிதக் கோப்பைகளோடு தண்ணீர் கேன். அதிகாரி மேசைத் தொலைபேசியில் எண்களை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டதும், கரகரவென்ற சத்தத்துக்குள்ளிருந்து தமிழ் வந்தது.

"வணக்கம்மா. நான் மொழிபெயர்க்கிறவன். ரொம்ப தூரத்துலருந்து பேசறேன், உங்களைப் பார்க்க முடியாது. அவர் சொல்றதை உங்களுக்குச் சொல்வேன், நீங்க சொல்றதை அவருக்குச் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"இவங்க அப்பா வெளியிலதான் நிக்கிறாரு சார். லீவுக்கு அவர்கிட்ட வந்திருக்கோம். அவரைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க."

"தேவைப்பட்டா அவரை அப்புறம் கேப்பாங்களாம். முதல்ல பாப்பா சொல்லணுமாம். பாப்பா பேசும்போது நீங்க குறுக்க பேசக் கூடாது, கண்ணு கூடக் காட்டக் கூடாது. பாப்பா சொல்றது ஒத்து வரலைன்னா, பிள்ளைங்களை இங்க ஒரு காப்பகத்துல வச்சிட்டு உங்களை மட்டும் திருப்பி அனுப்பிடுவாங்களாம்." குரல் தாழ்ந்தது. "அவர் சொன்னதைத்தான் சொன்னேன்மா."

அவள் விமானம் இறங்கும் நேரத்தில்தான் பெரியவளை அடித்திருந்தாள். இத்தனை நாளில் முதல் அடி. சின்னவனைக் கட்டிக்கொள்வது போல அவளால் இவளைக் கட்டிக்கொள்ள முடிந்ததில்லை. ஆனால் அடிக்க முடிந்துவிட்டது.

"பாப்பா, பயப்படாம சொல்லு. இவங்க உனக்கு என்ன வேணும்?" என்றது தொலைபேசி.

பெரியவள் தொலைபேசியைப் பார்த்தாள். தண்ணீர் கேனைப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணுமே வேணாமா? யோசிச்சுச் சொல்லு கண்ணு."

"ஒண்ணுமே வேணாம்."

 குரல் அந்நிய மொழியில் அதைச் சொன்னது. அதிகாரி நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வாயைத் திறக்கக் கூடாது. அவள் சின்னவனின் முதுகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கடவுளே, இவளுக்கு நான் வேண்டாமென்றால் போகட்டும், முன்பின் தெரியாத வீட்டில் இதுகள் இரண்டையும் படுக்க வைத்துவிடாதே. அதற்கு மேல் பிரார்த்தனை வரவில்லை.

"இவங்க உன்னை அடிப்பாங்களான்னு கேக்கறார்," என்றது குரல்.

"அடிச்சாங்க."

"எப்போ?"

"இப்பத்தான். பிளேன்ல."

"எதுக்கு?"

"எல்லாரும் பெல்ட் போட்டு உக்காரணும்னு சொன்னாங்க. நான் கழட்டிட்டு எந்திரிச்சு ஓடினேன். பிளேன் குலுங்கிச்சு, விழுந்துட்டேன். கையில ஒண்ணு வச்சாங்க."

"வலிச்சுதா?"

"கொஞ்சம். அப்புறம் அவங்களே அழுதாங்க. நான் அழவே இல்ல. அழாதீங்க சித்தி, தம்பி முழிச்சுக்குவான்னு சொன்னேன். கேக்கவே இல்ல."

மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்த அதிகாரி, என்ன, என்று கேட்பது போல மேசையைத் தட்டினார். தொலைபேசியில் இருந்த மனிதர் காதில் விழுந்ததை அப்படியே மொழிபெயர்த்துவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று இருந்திருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அதிகாரியிடம் ஏதோ அனுமதி கேட்டார். கிடைத்தது போலிருந்தது.

"பாப்பா, நான் முதல்ல உன்கிட்ட என்ன கேட்டேன்?"

"என்ன வேணும்னு கேட்டீங்க."

"நீ ஏன் ஒண்ணும் வேணாம்னு சொன்னே?"

"தெரியாதவங்க சாக்லேட் வேணுமா, ஜூஸ் வேணுமான்னு கேட்டா ஒண்ணும் வேணாம்னுதான் சொல்லணும். சித்தி சொல்லியிருக்காங்க." பிறகு ரகசியம் போல, "எனக்குத் தண்ணி மட்டும் வேணும்," என்றாள்.

"அட கடவுளே," என்றார் அவர். "தப்பு என்னுதும்மா. உறவு கேட்டேன், குழந்தை பண்டம்னு நினைச்சிடுச்சு." மீண்டும் சிறுமியிடம், "சித்தின்னா யாரு கண்ணு? அம்மாவோட தங்கச்சியா, அப்பா கட்டிக்கிட்டவங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டுந்தான்," என்றாள் பெரியவள், இதுகூடத் தெரியாதா என்ற குரலில்.

"சரி. உனக்கு இவங்க வேணுமா? இப்ப நிஜமாவே கேக்கறேன்."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சித்தி தலை குனிந்துகொண்டாள், கண் காட்டியதாக ஆகிவிடக் கூடாதே என்று.

"வேணும்," என்றது பெண். "இவங்க இல்லாட்டி தம்பி தூங்க மாட்டான். எனக்குந்தான் வேணும்."

அவர் அதிகாரியிடம் நெடுநேரம் பேசினார். நடுவில் இரண்டு முறை "சித்தி" என்ற சொல் அப்படியே வந்தது. அதற்கு அந்த மொழியில் சொல் இல்லை போலும். அதிகாரி பாஸ்போர்ட்டுகளில் முத்திரை குத்திப் பேனாவை மூடினார். எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வந்து முதலில் பெரியவளிடம் நீட்டினார். அவள் சித்தியைப் பார்த்தாள்.

"வாங்கிக்கோ," என்றாள் சித்தி. 

"கோபம் வச்சுக்காதீங்கம்மா," என்றது தொலைபேசி. "பிள்ளைங்களோட நல்லபடியா இருங்க."

"நீங்க நல்லா இருக்கணும் சார்," என்பதற்குள் தொடர்பு போய்விட்டது. முகம் தெரியாத மனிதர். அடுத்து யாருக்கு வாயாக இருக்கப் போனாரோ.

தானாகத் திறக்கும் கதவுக்கு அப்பால் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். எல்லாரும் வந்து முடிந்தபின்பும் இவர்களைக் காணாமல் அவர் முகம் வெளிறியிருந்தது.

"எங்க போயிட்டீங்க? இவ்ளோ நேரமா?"

பெரியவள் சித்தியின் விரலை விடாமல் முன்னால் நடந்து வந்தாள்.

"சித்திய உள்ள உக்கார வச்சிட்டாங்கப்பா," என்றாள். "நான்தான் பேசிக் கூட்டிட்டு வந்தேன்."