மகாராணிக்குப் பிந்திப் பிறந்தவள்

தகப்பனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வீட்டில் ஒரு துண்டு வெள்ளைத் துணி அகப்படாமல், ஞானமணி தன் சேலைத் தலைப்பையே கிழித்தாள். துறைமுகப் பக்கம் எண்ணெய்த் தாங்கி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் காலையில் யப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போனதோடு திருகோணமலை வெறிச்சோடிவிட்டது. அண்ணன் முத்துலிங்கம் பெண்சாதி பிள்ளைகளோடு துறைமுகத்துக்கு அக்கரையிலிருக்கிற கிண்ணியாவுக்குத் தோணியேறிவிட்டார். தகப்பன் கிழவர் வீரக்குட்டி மட்டும் கட்டிலை விட்டு எழும்ப மாட்டேன் என்றார். அவருக்காக ஞானமணியும் நின்றாள். விடிந்து பார்த்தபோது அவரிடம் மூச்சில்லை.

வீரக்குட்டிக்கு நல்லது எல்லாமே மகாராணி காலம்தான். விக்டோரியா மகாராணி அறுபது வருடத்துக்கு மேல் ஆண்ட மனுசி. வீரக்குட்டி பிறந்தபோது காசில் இருந்ததும் அந்த முகம், தாலி கட்டியபோது இருந்ததும் அந்த முகம். பிறகு வந்த ராசாக்களின் பேரை அவர் பாடமாக்கவேயில்லை. மகாராணியின் அறுபதாம் வருடக் கொண்டாட்டத்துக்கு உள்துறைமுகத்தில் தோணிப் போட்டி வைத்தார்கள். அதில் அவரும் துடுப்பு வலித்தவர். அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கின காலத்தில் மூன்றாவதாக வந்தவர், வருடம் போகப்போக முதலாவதாக வந்தார்.

மகாராணி இறந்த அடுத்த வருடம் பிறந்தவள் ஞானமணி. "நீ பிந்திப் பிறந்தனி, பிள்ளை" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு சின்ன வயதிலிருந்தே அவளைச் சுட்டது. போன மாதம் பொறுக்க ஏலாமல் கேட்டுவிட்டாள்.

"அந்த மகாராணிக்கு உங்களைத் தெரியுமே, அப்பா?"

"அவவுக்கு என்னத்துக்குத் தெரியவேணும்? நான் தோணி வலிச்சது, உன்ர கொம்மாவைக் கண்டது எல்லாம் அவ இருக்கேக்க. ஒரே ஆள் அவ்வளவு காலம் இருந்தால் எல்லாத்துக்கும் அவவின்ர பேரைத்தானே சொல்லுவம்? பேர்தான் அவவின்ர. காலம் என்ர."

ஞானமணி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு ஒரு காலமும் நினைவில் வரவில்லை.

அவள் அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வளவுத் தோணிக்காரர் மஹ்ரூப் இப்போது வாசலில் வந்து நின்றார். குண்டு விழுந்தபோது ஓடி விழுந்ததில் அவருடைய வலக்கை வீங்கித் தொங்கியது.

"தூக்கிறதுக்கு ஊரில ஆம்பிளையள் இல்லை, தங்கச்சி. வளவுக்குள்ளயே அடக்குவமா?"

"கொள்ளி வைக்க அண்ணன் வேணும், காக்கா. உங்கட தோணி நிக்குதுதானே?"

"தோணி நிக்குது. வலிக்கக் கைதான் இல்லை."

"நீங்கள் சுக்கானைப் பிடியுங்கோ. நான் வலிக்கிறன்."

மஹ்ரூப் உள்ளே வந்தார். குனிந்து, கிழவரைச் சுற்றியிருந்த பாயின் ஒரு தலைப்பை இடக்கையால் பிடித்தார்.

கைவண்டிலில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்து, தோணியின் நடுவில் கிழவரைக் கிடத்தினார்கள். குமர்ப்பெண்ணாக இருந்தபோது வலித்த பிறகு ஞானமணி துடுப்பைத் தொட்டதில்லை. முதலில் தோணி ஒரு பக்கமாகவே சுற்றியது. மஹ்ரூப் சுக்கானைத் திருப்பினார். மெல்ல மெல்லக் கை பிடிபட்டது. எதிர்க்காற்றில் முதுகு வெடித்துவிடும்போல் இருந்தபோது கடற்படை லோஞ்சுப் படகு ஒன்று குறுக்கே வந்தது. வெள்ளைக்காரத் துரையோடு நின்ற தமிழர் ஒருவர் கூப்பிட்டார்.

"இண்டைக்குத் தோணி ஓட ஏலாது. திருப்புங்கோ."

"என்ர அப்பா. செத்துப்போனார். அக்கரையில அண்ணன் இருக்கிறார்" என்றாள். துடுப்பை அவள் நிறுத்தவில்லை.

"சொன்னது விளங்கேல்லையே?"

"விளங்குது. திருப்பிக் கொண்டுபோனா நீங்கள் வந்து தூக்குவியளே?"

அந்த ஆள் துரையிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரை பாயைப் பார்த்தார், துடுப்புப் பிடித்த பெண்ணைப் பார்த்தார்.

"போகட்டாம். அக்கரை வரைக்கும் பக்கத்தில வாறாராம்."

பேர் தெரியாத ராசாவின் லோஞ்சு வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வர, வீரக்குட்டி உள்துறைமுகத்தைக் கடந்தார். ஞானமணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்துகொண்டே வந்தது. சாவீட்டுக்காரி இப்படிச் சிரிக்கலாமோ என்று முகத்தைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் ஊன்றி வலித்தாள்.

கிண்ணியாக் கரையில் தஞ்சம் புகுந்த சனம் முழுக்க எழும்பி நின்றது. முத்துலிங்கம் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி வந்து தோணியைப் பிடித்தார். தங்கையின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. பாடை தூக்கும்போது பெரியவர் ஒருவர், "பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை" என்றார்.

"இவ்வளவு தூரம் கொண்டுவந்தவ. மிச்சத்துக்கும் வருவா" என்றார் முத்துலிங்கம். பெரியவர் வழிவிட்டார். ஞானமணி முன்னால் நடந்தாள்.

மற்ற ஊர்கள் அதைக் குண்டு போட்ட வருசம் என்றன. அந்தக் கரையில் அது ஞானமணி தோணி வலிச்ச வருசம் என்றே ஆகிப்போனது. பிள்ளை பிறந்ததையும் கலியாணம் நடந்ததையும் அதை வைத்தே சொன்னார்கள்.

அன்று பின்னேரம் அவளுக்கு அது தெரியாது. முழுகிவிட்டு வந்து ஒரு பனைக்குக் கீழே இருந்தாள். மஹ்ரூபின் தங்கை றஹ்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஞானமணிக்குக் கொப்புளம் வெடித்த கைகளை மடக்க ஏலவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் கோப்பையை இடுக்கி, அடி வரைக்கும் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று றஹ்மா கேட்டாள்.

"ஓம்" என்று ஞானமணி கோப்பையை நீட்டினாள்.