காலியாகத் திரும்பாத அண்டா

பிரியாணிக் கடை வாசலில் எச்சில் இலைக் குவியலைப் பார்த்த அன்றைக்குத்தான் பொன்னுத்துரைக்குக் கிறுக்குப் பிடித்தது.

"ஊரு மரத்தையெல்லாம் பொட்டலமாக் கட்டிட்டுத் தூர எறியுறோம் புள்ள. இனிமே இலை, காகிதம், சணலு எதுவும் இந்த வீட்டு வாசப்படி ஏறாது" என்று மனைவி பேச்சாயியிடம் சத்தியம் செய்தார். நல்ல காரியம்தானே என்று அவளும் தலையாட்டித் தொலைத்தாள்.

இலையில் வாங்கக் கூடாதென்றால் பாத்திரத்தில்தானே வாங்க வேண்டும்? எண்ணெய்க்கு ஒரு தூக்கு, காப்பித்தூளுக்கு ஒரு சம்படம், பிரியாணிக்கு ஒரு அடுக்கு, மல்லிகைப் பூவுக்குக்கூடப் பித்தளை டப்பா. புளி வாங்கிய பாத்திரத்தில் சீனி வாங்க முடியுமா? அதற்கும் ஒன்று வந்தது. ஒற்றை அறை வீட்டில் கால் வைக்க இடமில்லை.

"இருக்கிறது போதாதா?" என்று பேச்சாயி கேட்டால், "குப்பையைக் குறைக்கத்தானே வாங்குறேன்" என்பார்.

வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்ட மகள் ஒச்சம்மாள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரி எங்கே படுப்பாள்? பேச்சாயி பாத்திரங்களைத் தெருவில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். யார் கேட்டார்கள்? மறுநாளே திரும்பி வந்தன. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது குடும்பத்துக்கு ஆகாதாம். துவரையும் கருப்பட்டியுமாக நிரம்பி வந்தன. அதையெல்லாம் கொட்டி வைக்கப் பொன்னுத்துரை வேறு பாத்திரம் வாங்கினார்.

மகள் வருகிற அன்று காலையில் கல்யாண அண்டா ஒன்று மாட்டுவண்டியில் வந்து இறங்கியது.

"எல்லாத்தையும் இதுக்குள்ள அடுக்கிரலாம். சரிப்படலேன்னா திருப்பிரலாம்னு பாத்திரக்கடை சனாவுல்லா பாய் சொல்லிட்டாரு" என்று பொன்னுத்துரையே உள்ளே இறங்கி அடுக்கினார். மிச்சமிருந்த தரையும் போயிற்று. மத்தியான வெக்கையில் மனிதர் அண்டாவுக்குள்ளேயே அசந்து தூங்கிவிட்டார்.

பேச்சாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேப்பமரத்தடியில் மாட்டை அவிழ்த்துப் போட்டிருந்த வண்டிக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்டா சரிப்படல. பாய்கிட்டயே குடுத்துருங்கண்ணே."

அவர் எட்டிப் பார்த்தார். "ஆத்தா, உள்ள அவுகல்ல இருக்காக!"

"இருக்கட்டும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கலாமா?"

அது நியாயம்தான் என்று தெருவே சேர்ந்து தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டது. வண்டி குலுங்கிப் போன பிறகும் குறட்டை கேட்டது.

சாயங்கால பஸ்ஸில் வந்த ஒச்சம்மாள், கழுவிவிட்ட தரையில் பாயை விரித்து இரண்டு காலையும் நீட்டிப் படுத்தாள். பேச்சாயிக்கு மனசு குளிர்ந்தது. உடனே பயமும் பிடித்துக்கொண்டது. சனாவுல்லா பாயும் இந்த ஊர்க்காரர்தானே, ஆளை வெறுமையாகவா திருப்பி அனுப்புவார்?

விளக்கு வைக்கிற நேரத்தில் பொன்னுத்துரை நடந்து வந்தார். பேச்சாயி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். இரண்டு கையும் காலி.

"அண்டா, உள்ள அடுக்குன பாத்திரம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாரு. அதோட சேத்து என்னையும் எடை போட்டுட்டாரு புள்ள. வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ஒரு சொம்பை வேற நீட்டுனாரு. வேணாம்னு ஓடியாந்துட்டேன்." வாசலிலேயே நின்று மகளை எட்டிப் பார்த்தார். "பிள்ளை காலு நீட்டணும்ல?"

பேச்சாயிக்கு அழுகை வந்துவிட்டது.