ஒரே கால்

பன்னிரண்டு வருஷமாக ஷூ கடையில் முட்டி போட்டுப் பிழைக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நிறத்தைப் பார்த்து வாங்குவார்கள். மீதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பார்த்து வாங்குவார்கள். தன் காலைப் பார்த்து வாங்குகிறவர் அபூர்வம். ஆனால் மகளுக்கு வாங்க வந்துவிட்டுத் தன் காலை நீட்டிய ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்குப் பதினாறு வயது, பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடிக்கிறவள். இந்தக் கோடை விடுமுறையில் எட்டு வாரமும் ஊர் ஊராக அணிவகுப்பு. ஷூ கறுப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் குழுவில் போட்ட நிபந்தனையாம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, ஏழாம் நம்பர் எடுக்கச் சொன்னார். மகள் தள்ளி நின்று சாக்ஸ் மாட்டியிருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் நடக்கப் போவது என்று கேட்டேன்.

“பாப்பாதான். ஆனா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கால் சார். எப்பவும் நான் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன்.”

அதைச் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு பெருமை. மகளுக்கு மூக்கு, முழி, முடி எல்லாம் அப்பா வீட்டுப் பக்கம் போய்விட்டதாம். இவர் பங்குக்கு வந்தது கால் மட்டும்தானாம். எனக்கு எரிச்சலாக இருந்தது. மகளின் காலை அளந்துவிடலாம் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. தடித்த குதிகால் வைத்த ஜோடி ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நாலு நடை நடந்தார். மெத்துமெத்தென்று இருக்கிறது, இதையே கொடுங்கள் என்றார்.

நடந்துகொண்டே போன வருஷத்துக் கதையையும் சொன்னார். மூன்றாவது வாரமே கால் முழுக்கக் கொப்புளம். கட்டைவிரல் நகம் கழன்று விழுந்துவிட்டது. பாதியில் வீட்டுக்கு அழைத்து வர வேண்டியதாயிற்று. எல்லாம் ஷூ செய்தவனின் கைங்கரியம் என்பது அவர் தீர்ப்பு. இந்த முறை ஒரு நாள் உட்கார்ந்தாலும் டிரம்மை வேறு பெண்ணிடம் கொடுத்துவிடுவேன் என்று பேண்டு மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டாராம். டிரம் என்றால் இவளுக்கு உயிர், அது போனால் சாப்பிடக்கூட மாட்டாள் என்றார். மகள் வலது கால் கட்டைவிரலை இடது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

எப்படி நடப்பீர்கள் என்று அவளிடமே கேட்டேன். பாதி நேரம் பின்பக்கமாகத்தான் என்றாள். பின்பக்கமாக நடக்கும்போது குதிகால் தரையில் படக்கூடாதாம், முழுக்க நுனிக்காலில்தானாம். அப்படியானால் குதிகால் தடிமனாக இருந்தால் தட்டும், நுனியில் இடம் இல்லாவிட்டால் விரல்கள் நசுங்கும். இதைச் சொன்ன பிறகுதான் அம்மா ஷூவைக் கழற்றி மகளிடம் கொடுத்தார்.

முன்பக்கமாக நன்றாகவே நடந்தாள். இப்போது திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வா என்றேன். நெஞ்சுக்கு முன்னால் டிரம் இருப்பதுபோல் கைகளை வைத்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பினாள். எட்டு அடி. தோள் ஆடவில்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. காலில் என்ன நடந்தாலும் முகத்தில் தெரியக்கூடாது என்பது அவர்களுடைய முதல் பாடமாம். பாடத்தை நன்றாகத்தான் படித்திருந்தாள். கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

அம்மா அவள் எதிரே போய் நின்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். போன வருஷத்திலிருந்து என்றாள்.

“ஏண்டி வாயத் தெறக்கல?”

“உனக்குச் சரியா இருந்துச்சேம்மா.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அளவுப் பலகையைப் போட்டு, அணிவகுப்புக்குப் போடும் தடித்த சாக்ஸோடு மகளை அதில் ஏறி நிற்கச் சொன்னேன். இடது கால் ஏழரை, வலது கால் எட்டு. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி, குதிகால் தாழ்வாகவும் நுனி அகலமாகவும் இருந்த எட்டாம் நம்பரை எடுத்து வந்தேன். ஏழாம் நம்பரை அம்மாவே பெட்டியில் வைத்து, தாளை மூடி, என் பக்கம் தள்ளினார்.

மகள் மறுபடி பின்பக்கமாக எட்டு அடி போனாள். பிறகு கேட்காமலே இன்னும் எட்டு அடி போய் சாக்ஸ் கம்பியில் முட்டிக்கொண்டு சிரித்தாள்.

அம்மா பழக்கதோஷத்தில் ஷூ நுனியை அழுத்திப் பார்க்கக் குனிந்தார். கை பாதியில் நின்றது.

“சரியா இருக்கா பாப்பா?”

இந்தக் கேள்வி என் காதில் தினமும் விழுகிறது. கேட்டவர்கள் பதில் வருவதற்குள் பில் போடச் சொல்லிவிடுவார்கள். அந்த அம்மா குனிந்தபடியே காத்திருந்தார். மகளும் அவசரப்படவில்லை. உள்ளே விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள்.

“இடது கால் கொஞ்சம் லூசா இருக்கும்மா” என்றாள்.

நான் முட்டி போட்டு அந்த லேஸை இறுக்கிக் கட்டினேன்.